ஆண்டிபட்டியின் புகழும் மேகமலையின் தீர்மானப் புத்தகமும்

ஆண்டிபட்டி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தேர்தல்தான். 1984இல் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஜெயித்த தொகுதி அது. ஜெயலலிதாவை 2002 இடைத்தேர்தலிலும் 2006 பொதுத்தேர்தலிலும் கோட்டைக்கு அனுப்பியதும் அதுவே. 2019இல் மகாராஜன், லோகிராஜன் என்று கூடப்பிறந்தவர்களே எதிரெதிரே நின்றார்கள். அந்தத் தொகுதிக்குள், மூல வைகை புறப்படும் மலையில், மேகமலை என்ற பெயரிலேயே ஓர் ஊராட்சி இருக்கிறது. கடமலை – மயிலை ஒன்றியத்தைச் சேர்ந்தது; அரசரடி, பொம்மராஜபுரம், இந்திரா நகர், வெள்ளிமலை என்று காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள். இரண்டு முதலமைச்சர்களைத் தேர்ந்தெடுத்த பெருமை மலையேறி அரசரடிக்குப் போய்ச் சேரவில்லை. பழியை எம்.எல்.ஏ.க்கள் தலையில் போட்டுவிடலாம், அது சுலபம். ஆனால் இந்த மலையின் காரியம் தொடங்க வேண்டிய இடம் கோட்டையே அல்ல, கிராம சபை என்பதே என் வாதம்.

சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். மேகமலை 2009இல் வன உயிரினச் சரணாலயம் ஆனது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்த்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட புலிகள் காப்பகம் ஆனது. அதற்குள் ஒரு சாலை போடவோ கம்பம் நடவோ தொகுதி நிதி மட்டும் போதாது, வனத்துறை அனுமதி வேண்டும். பள்ளிக்கூடம், அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை என 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைத் தர 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதற்கு அது கேட்பது கிராம சபையின் பரிந்துரை. எம்.எல்.ஏ.வின் கடிதத்தை அது எங்கும் கேட்கவில்லை. காப்பகத்தின் வெளிமண்டல எல்லையைக்கூடக் கிராம சபையைக் கலந்துதான் தீர்மானிக்க வேண்டும் என்கிறது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்.

நில உரிமை கேட்கும் மனுவும் முதலில் கிராம சபைக்குத்தான் வர வேண்டும். கோட்டக் குழுவும் மாவட்டக் குழுவும் அதற்குப் பிறகு. சாட்சியம் என்று விதிகள் ஏற்பவற்றைப் பார்த்தால் கொஞ்சம் வியப்பாகவே இருக்கும்: பழைய கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம், பெரியவர் ஒருவர் சொல்லி எழுதிவைத்த வாக்குமூலம். தாத்தாவைப் புதைத்த மேடு எது, அந்தக் கிணற்றை வெட்டியது யார் என்பதெல்லாம் தேனி ஆட்சியர் அலுவலகத்துக்கு எப்படித் தெரியும்? அதே ஊரில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். கூட்டத்தில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று விதி கண்டிப்பாகச் சொல்வதும் இதனால்தான். கையெழுத்தும் கைநாட்டுமாக நிரம்பும் அந்தத் தீர்மானப் புத்தகத்தின் பக்கம்தான் மனுவின் முதல் உயிர்.

மலையின் மறுபக்கம் போனால் இந்தப் புத்தகமே கிடையாது. சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் வரும் ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு, மகாராஜாமெட்டு எல்லாம் தேயிலைத் தோட்டங்கள். நிர்வாகக் கணக்கிலோ ஹைவேவிஸ் பேரூராட்சி. பேரூராட்சி என்றால் நகர்ப்புறம். யானை நடமாடும் அந்த மலையை நகரம் என்று எழுதிவைத்ததால் கிராம சபை இல்லை, நூறு நாள் வேலையும் எட்டவில்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022இல் பகுதி சபை வந்தது உண்மை. ஆனால் மேலே சொன்ன சட்டங்கள் பெயர் சொல்லிக் கேட்பது கிராம சபையை. போதாததற்கு, தோட்டத் தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் தருவது தோட்ட நிர்வாகத்தின் கடமை என்று 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டதால், லயன் வீட்டுக் கூரை ஒழுகினால் பேரூராட்சிக்கும் கைகழுவ இடம் இருந்தது.

கிராம சபையிடம் விட்டால் ஆக்கிரமிப்பாளர்களே கூடித் தங்களுக்குத் தாங்களே பட்டா எழுதிக்கொள்வார்கள், வைகையின் தலை வறண்டுபோகும் என்று ஒரு பயம் உண்டு. வைகை அணையை நம்பியிருக்கும் கீழ்நாட்டு விவசாயி இதைக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் சட்டம் கதவை அப்படித் திறந்துவிடவில்லை. 2005 டிசம்பர் 13 என்ற தேதிக்கு முன்பே குடியிருந்திருக்க வேண்டும்; பழங்குடி அல்லாதவர்கள் அதற்கு முன் 75 ஆண்டு அங்கே வாழ்ந்ததையும் காட்ட வேண்டும். கடைசி முடிவு மாவட்டக் குழுவிடம். நேற்று இலவங்கன்று நட்டவரையும் தலைமுறையாக இருக்கும் பளியர் பழங்குடியினரையும் பிரித்துச் சொல்லும் வேலை கிராம சபையில் நடக்காவிட்டால், வெளியேற்றம் என்று வரும்போது இருவரும் ஒரே பட்டியலில்தான் இருப்பார்கள். அப்போது காட்டுக்கும் லாபமில்லை. கிராம சபைத் தீர்மானம் வெறும் காகிதம் என்ற குறையில் பாதி உண்மை. காகிதமாகப் போவது, மலைக்குக் கீழே எழுதி மலைமேல் கையெழுத்து வாங்கும் கூட்டங்களின் தீர்மானம்தான்.

அந்தக் காகிதத்துக்கும் அடிக்கடி ஆளில்லாமல் போகிறது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான். இடையில் 2017 செப்டம்பரில் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டபோது ஆண்டிபட்டியும் காலியானது. 2019 மே வரை, ஏறக்குறைய 20 மாதம், மேகமலை ஊராட்சிக்கு எம்.எல்.ஏ.வும் இல்லை, தலைவரும் இல்லை. தொலைக்காட்சிகள் முதல் நாற்காலியைப் பற்றி மட்டும் ராத்திரி பகலாக விவாதித்தன. இரண்டாவது நாற்காலி 2025 ஜனவரியில் மறுபடி காலியானது. தலைவர் போட வேண்டிய கையெழுத்து தனி அலுவலர் கைக்குப் போனது.