சொத்தைப் பல்லுக்கு ஒரு சென்சஸ்

பள்ளிக் குழந்தைகளில் பாதிப் பேருக்குச் சொத்தை என்கிறார்களே, எப்படி எண்ணுகிறார்கள்?

ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதம். 12 வயதில் 53.8. 15 வயதில் 63.1. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03ல் நாடு தழுவி எடுத்த கணக்கில், சொத்தைப் பல் உள்ளவர்களின் விகிதம் இது. தலைநகரில் மட்டும் நிலைமை வேறா என்றால், இல்லை. தில்லியின் மூன்று கல்வி மண்டலப் பள்ளிகளில் நடத்தி 2011ல் வெளியான ஆய்விலும், 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குச் சொத்தை.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். நல்ல வெளிச்சம், ஒரு நாற்காலி, வாய்க்குள் விடும் சிறு கண்ணாடி, நுனியில் அரை மில்லிமீட்டர் குண்டு வைத்த உலோகக் குச்சி. மருத்துவர் ஒவ்வொரு பல்லாகப் பார்த்துக் குறியீட்டைச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் அட்டையில் எழுதுவார். உலக சுகாதார நிறுவன முறைப்படி பால்பல்லுக்கு எழுத்து, நிரந்தரப் பல்லுக்கு எண். நல்ல பால்பல் 'ஏ', சொத்தை 'பி'. நிரந்தரப் பல்லானால் பூஜ்யம், ஒன்று. சொத்தையானது, சொத்தையால் இழந்தது, அடைத்தது மூன்றையும் கூட்டினால் அந்தக் குழந்தையின் கணக்கு. 1930களில் அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்தபோது உருவான கூட்டல் இது.

கேட்க எளிது. ஆனால் ஆறு வயதுப் பையனுக்கு முன்பல் இல்லை என்றால், அது சொத்தையால் போனதா, தானாக விழுந்ததா? பால்பற்களை எண்ண ஐந்து வயதைத் தேர்ந்தெடுப்பதில் இந்தச் சிக்கல் குறைவு. தர்மபுரிப் பக்கம் ஃப்ளோரைடு நீரால் பழுப்பேறிய பல் பார்க்கப் பயமாக இருக்கும். அது சொத்தை அல்ல. ஒரே வாயை இரு மருத்துவர்கள் இரு விதமாக எண்ணவும் கூடும். அதனால் முன்கூட்டியே பயிற்சி, பிறகு சில குழந்தைகளுக்கு மறுபரிசோதனை. சந்தேகம் வந்தால்? சொத்தை இல்லை என்றே எழுத வேண்டும் என்பது விதி. எக்ஸ்ரேயும் எடுப்பதில்லை, இரு பற்களுக்கு நடுவே ஒளிந்திருப்பது தப்பிவிடும். ஆக, அச்சில் வரும் எண்ணைவிட உண்மை மோசமாகவே இருக்கும்.

சதவீதத்திலும் ஒரு மயக்கம் உண்டு. ஒரு பல் கெட்டவனும் எட்டுப் பல் கெட்டவளும் அதில் ஒன்றுதான். சரி, சராசரி எடுக்கலாமே? பத்துப் பேருக்கு 20 சொத்தை என்றால் தலைக்கு இரண்டு. ஆனால் அந்த இருபதும் மூன்றே பேரின் வாயில் இருக்கலாம்! இதை உணர்ந்துதான் ஸ்வீடனின் டக்ளஸ் ப்ராத்தால் 2000ல் ஒரு புதுக் குறியீட்டைச் சொன்னார்: மிக மோசமான மூன்றில் ஒரு பங்கினரைத் தனியே பிரித்து அவர்களுக்கு மட்டும் சராசரி. தில்லிக்கு இது பொருத்தம். மாநகராட்சிப் பள்ளியையும் எக்கச்சக்கக் கட்டணம் வாங்கும் பள்ளியையும் கலந்து ஒரே எண் சொன்னால் யாருக்கு என்ன புரியும்? கட்டட வேலை நடக்கும் இடங்களில் வளரும், பள்ளிப் பக்கமே வராத குழந்தைகளோ பள்ளி ஆய்வில் வருவதே இல்லை.

அட்டையில் கவலை தருவது 'அடைத்தது' என்ற குறியீடுதான். நம் நாட்டு ஆய்வுகளில் அது அபூர்வமாகவே விழுகிறது. கண்டுபிடித்த சொத்தையில் பெரும்பகுதி அப்படியே கிடக்கிறது. தில்லிக்காரர்கள் 'கீடா' என்பார்கள், நாம் 'பூச்சி' என்போம். "விழுந்து முளைக்கிற பல்தானே" என்ற சமாதானம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்று. ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, பால்பல் வரிசைக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. பல தாய்மார்கள் அதையும் பால்பல் என்றே நினைக்கிறார்கள். அது நிரந்தரப் பல். போனால் வராது. சொத்தை சிறிதாக இருக்கும்போதே கையால் சுரண்டி எடுத்து, டிரில் இல்லாமல், பள்ளியிலேயே அடைத்துவிடும் முறை இருக்கிறது. எண்ணப் போகிறவர்கள் அந்தப் பெட்டியையும் கூடவே எடுத்துப் போகலாம்.