ஓர் இயந்திரத்துட் பல இயந்திரங்கள்

ஒரு கணினியினுள்ளே பல கணினிகள் ஒன்றையொன்று அறியாது குடியிருந்து தத்தம் தொழிலைச் செய்தல் கூடுமோ என்று நம் மாணவ நண்பருட் சிலர் வினவுதலுண்டு. கூடும் என்பது மாத்திரமன்று. அது பழைய செய்தியுமாம். ஐ.பி.எம். கம்பெனியார் அமெரிக்க நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த தம் ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ஆம் ஆண்டுகளில் இம்முறையை வகுத்து, 1972-இல் வி.எம்./370 என்னும் பெயரால் வெளியிட்டனர். 1999-இல் விஎம்வேர் கம்பெனியார் அதனை மேசைக் கணினிகளிலும் இயலச் செய்தனர்.

இங்ஙனம் உள்ளே குடியிருக்கும் கணினியை மெய்நிகர் இயந்திரம் என்பர். உண்மை இயந்திரத்தின்மேல் ஹைப்பர்வைசர் என்னும் மேற்பார்வை நிரல் அமர்ந்து, செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றை இவற்றிற்குப் பங்கிட்டளிக்கும். ஒரு பெரிய மாளிகையை அறையறையாகத் தடுத்துப் பல குடும்பத்தார்க்கு வாடகைக்கு விடுதலை இஃது ஒக்கும்.

வியாபார நிலையத்தார் இதனை விரும்புவது ஏன்? தனித்தனியே வைத்த சர்வர்கள் பெரும்பொழுது வேலையின்றியே மின்சாரத்தைச் செலவிட்டுக் கிடக்கும். பலவற்றை ஒன்றிற் கூட்டினால் செலவு குறையும். ஆயினும் கூரை ஒன்றாயின் அது வீழுங்கால் கேடு எல்லார்க்குமாம். முன்னர் ஒரு சர்வர் பழுதுற்றால் ஒரு வேலை நின்றது; இப்பொழுதோ சம்பளக் கணக்கும், கடிதப் போக்குவரத்தும், சரக்கிருப்புக் கணக்கும் ஒருங்கே நிற்கும். ஆதலின் திட்டமிடுவோர் முதற்கண் கேட்க வேண்டுவது, எத்தனை இயந்திரங்களை இதில் அடக்கலாம் என்பதன்று. ஒன்று வீழ்ந்தால் எஞ்சியவை தாங்குமோ என்பதேயாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஒரு நிலையத்திற்கு 20 மெய்நிகர் இயந்திரங்கள் வேண்டும். ஒவ்வொன்றிற்கும் 8 ஜிகாபைட் நினைவகம். ஆகத் தொகை 160. இதனை மூன்றாற் பகுத்து, 64 ஜிகாபைட் உடைய சர்வர்கள் மூன்று போதும் எனின், மூன்றும் நலமாயிருக்கும் வரையில் குறையில்லை. ஒன்று பழுதுறின் எஞ்சிய இரண்டும் 128 ஜிகாபைட்டே தரும்; நான்கு இயந்திரங்களுக்கேனும் இடமிராது. ஆகவே 160-ஐ இரண்டாற் பகுத்து, அங்ஙனம் வந்த 80-உடன் ஹைப்பர்வைசரின் பங்கையும் வருங்கால வளர்ச்சியையும் கூட்டி, 128 ஜிகாபைட் உடையவற்றை வாங்குதலே தக்கது. செயலியின் நேரத்தைப் பலரும் மாறி மாறிப் பயன்படுத்தலாம். நினைவகத்தை அங்ஙனம் பங்கிடுதல் எளிதன்று. அதனாலேயே கணக்கை நினைவகத்தினின்று தொடங்கினோம்.

மூன்று என்னும் எண்ணிற்கும் காரணமுண்டு. சர்வர்கள் இரண்டேயாயின், இடையிலுள்ள தொடர்பு அறுந்தபோது, மற்றது வீழ்ந்ததென ஒவ்வொன்றும் எண்ணி, ஒரே இயந்திரத்தை இரண்டும் இயக்கித் தரவைக் கெடுத்துவிடக்கூடும். மூன்றாவது ஒன்று சாட்சியாய் நிற்பின் பெரும்பான்மை எப்பக்கம் என்பது தெளியும்.

வீழ்ந்த சர்வரின் வேலையை மற்றொன்று ஏற்க வேண்டின், வட்டுகள் இரண்டிற்கும் எட்டும் பொதுச் சேமிப்பகத்தில் இருத்தல் வேண்டும். அச்சேமிப்பகமும் ஒரு கூரையே என்பதை மறவாது, அதற்குச் செல்லும் வழிகளையும் மின் இணைப்புகளையும் இரட்டையாக அமைத்தல் நலம். ஸ்நாப்ஷாட் எடுத்துவிட்டோம், இனி அச்சமில்லை என்றிருப்பதும் தவறு. அது மூல வட்டையே பற்றி நிற்பதாகலின், வட்டு அழியின் தானும் உடன் அழியும். நகல் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். அதனின்று இயந்திரத்தை மீட்டெழுப்பியும் இடையிடையே பார்த்தல் வேண்டும். அன்றியும் மெய்நிகர் இயந்திரத்தைச் சில நிமிடங்களிற் படைத்துவிடலாமாகையால், கேட்பாரற்றவை பெருகி இடத்தை அடைக்கும். இன்னதற்கு, இன்னாரால், இன்ன நாள் வரைக்கும் என ஒவ்வொன்றிற்கும் பதிவேடு வைத்தல் இன்றியமையாதது.

மூன்றாம் சர்வரின் செலவை வீண் என்பாருளர். மாத முடிவில் சம்பளத்தை எதிர்நோக்கி நிற்கும் தொழிலாளிக்கு அந்தச் சர்வரே பெருந்துணையாகும் நாள் ஒன்று வரலாம். வெற்றிடமாக நாம் விட்டுவைத்த நினைவகம், அந்நாளுக்கென்று முன்கூட்டியே செலுத்திய விலையாம்.