நறுக்கிய அட்டைக்கு எட்டு மதிப்பெண்

சிகரெட் பெட்டி சட்டைப்பையில் நசுங்காமல் இருக்க உள்ளே செருகிய கெட்டி அட்டை அது. ஒன்றரை அங்குல அகலம், இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மேல் உயரம். ஆரஞ்சு நிறப் பின்னணியில் நடு வகிடு எடுத்த ஓர் இளைஞர்; சட்டையின் மார்பில் பிட்ஸ்பர்க் என்று ஊர்ப் பெயர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் இந்தப் படம், அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை வெளியிட்ட ‘டி206’ என்ற வரிசையில் வந்தது. இந்த அட்டையைப் பற்றி இஎஸ்பிஎன் தொலைக்காட்சியின் ‘30 ஃபார் 30’ குறும்பட வரிசையில் 2013இல் ஓர் ஆவணப்படம் வந்தது. படத்தின் பெயர் ‘ஹோலி கிரெயில்’. கிறிஸ்தவ மரபில் யாருக்கும் எளிதில் கிட்டாத புனிதக் கிண்ணத்தின் பெயர் அது. இந்த அட்டைகளில் மிகப் பிரபலமான பிரதிக்கு அவ்வளவு புனிதம் பொருந்துமா என்பதுதான் என் கேள்வி.

வாக்னர் சம்மதிக்காததால் அட்டை அச்சிடுவது பாதியில் நின்றது. இன்று அறுபது பிரதிகள் அளவில்தான் மிஞ்சியிருக்கின்றன. குழந்தைகள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்கக் கூடாது என்று அவர் நினைத்தார் என்பது அழகான காரணம். ஆனால் அவரே புகையிலை மெல்லுகிறவர். சுருட்டு விளம்பரத்திலும் அவர் படம் வந்திருக்கிறது. பணம் தராததால் மறுத்தார் என்பாரும் உண்டு. இரண்டில் எது உண்மையானாலும் அட்டை அரிதானதற்கு வாக்னரின் மறுப்பே காரணம். அதில் கள்ளம் எதுவும் இல்லை. கள்ளம் எழுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் நுழைந்தது.

1985இல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி ஒரு பிரதியை 25,000 டாலருக்கு வாங்கினார். இரண்டே ஆண்டில் அதை 1,10,000 டாலருக்கு விற்றார். 1991இல் சோதபீஸ் ஏலத்தில் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த பிஎஸ்ஏ என்ற தரமதிப்பீட்டு நிறுவனம், பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டு அதைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்தது. அந்த நிறுவனம் சான்றளித்த முதல் அட்டையே இதுதான். பிறகு கைமாறக் கைமாற விலை ஏறி, 2007இல் அரிசோனா டயமண்ட்பேக்ஸ் அணியின் உரிமையாளர் கென் கென்ட்ரிக்கிடம் 28 லட்சம் டாலருக்குப் போனது. பழைய அட்டை இவ்வளவு கூர்மையான ஓரங்களோடு எப்படித் தப்பியது என்ற சந்தேகம் வெகுநாளாக இருந்தது. 2013 அக்டோபரில், ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது மாஸ்ட்ரோ இதையும் ஒப்புக்கொண்டார்: பக்க ஓரங்களை நறுக்கியது அவர்தான். 2015இல் இருபது மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

பழியை அவர் ஒருவர் தலையில் கட்டிவிட்டுப் போவது எளிது. கத்தி பிடித்த கை அவருடையதுதான். ஆனால் மழுங்கிய மூலைக்கு ஒரு விலை, கூரான மூலைக்குப் பல மடங்கு விலை என்று வைத்திருந்தது சந்தை. அந்தக் கூர்மைக்கு முத்திரை குத்தியது மதிப்பீட்டு நிறுவனம். நறுக்கிய அட்டைக்கு மதிப்பெண் கிடையாது என்பது அதே நிறுவனத்தின் விதி. நறுக்கியது என்று தெரிந்தே மதிப்பெண் கொடுத்தோம் என்று, அன்று அட்டையைப் பரிசோதித்தவர்களில் ஒருவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த எட்டு, அட்டையின் தரத்தைச் சொல்லவில்லை. புதிய நிறுவனத்துக்குக் கிடைத்த விளம்பரத்தின் அளவைச் சொன்னது.

‘அட்டை அசல்தானே, ஓரம் கொஞ்சம் போனால் என்ன?’ என்று கேட்கலாம். அசல்தான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வாங்கியவர்கள் கூடுதலாகக் கொட்டிக் கொடுத்தது வாக்னரின் முகத்துக்கு அல்ல, அந்த முகத்தை வேறெந்தப் பிரதியும் இவ்வளவு நன்றாகக் காப்பாற்றவில்லை என்ற உத்தரவாதத்துக்கு. அந்த உத்தரவாதம் பொய். ‘தரமதிப்பீடு வந்த பிறகுதான் போலி அட்டைகள் குறைந்தன’ என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. முன்பின் தெரியாத இருவர் பார்க்காமலே வாங்கி விற்க அந்த உறை உதவுகிறது. அதனாலேயே தராசு வைத்திருப்பவர் முதல் எடையிலேயே தட்டை அழுத்தியது பெரிய குற்றம் ஆகிறது.

‘கோடீஸ்வரர்கள் தெரிந்தே வாங்கினார்கள், யாருக்கு என்ன நஷ்டம்?’ என்பாரும் உண்டு. வதந்தி தெரிந்திருக்கலாம், வாக்குமூலம் 2013இல்தான் வந்தது. நஷ்டம் கென்ட்ரிக்குக்கு இல்லாமல் போகலாம். அந்த எண்ணை நம்பித் தன் சேமிப்பைச் சில அட்டைகளில் போடும் சாதாரண சேகரிப்பாளருக்கு உண்டு.

கூர்மையான மூலை இல்லாமலும் இந்த அட்டை விலைபோகும். 2022இல் இதே வாக்னரின் இன்னொரு பிரதி, பத்துக்கு இரண்டே மதிப்பெண் பெற்றது, 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் சந்தையே வீங்கியது உண்மை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், நைந்த அட்டைக்கும் மதிப்பு உண்டு என்பது தெரிகிறது. ஆகவே கிரெட்ஸ்கி பிரதியின் உறையைப் பிரித்து, எட்டை எடுத்துவிட்டு, ‘அசல், நறுக்கப்பட்டது’ என்று எழுதி மூடுவதுதான் முறை. மாஸ்ட்ரோ தண்டனையை அனுபவித்தாயிற்று. உறையில் மட்டும் இன்னும் அதே எட்டு.