கைப்பிடியும் நூறு கோழிக் கணக்கும்

ஐப்பசி பிறப்பதற்கு முன் அப்பாயி செய்கிற முதல் வேலை அடுப்புச் சாம்பலைச் சேர்ப்பது. மற்ற மாதங்களில் பாத்திரம் துலக்கப் போகும் சாம்பல், புரட்டாசி பாதியில் இருந்து ஒரு தகர டின்னில் விழத் தொடங்கும். திருச்சி மன்னார்புரத்தில் எங்கள் ஓட்டு வீட்டுக் கொல்லையில் அப்போது ஒன்பது கோழியும் ஒரு சேவலும் இருந்தன. 1970களின் கடைசி. மழை இறங்கிவிட்டால் கோழிக்குப் புழுதி கிடைக்காது. புழுதியில் புரளாத கோழிக்குச் செள்ளு பிடிக்கும். தாழ்வாரத்தில் நனையாத மூலையாகப் பார்த்துச் சாம்பலைக் கொட்டி, காய்ந்த வேப்பிலையை உள்ளங்கையில் நொறுக்கி அதில் கலந்துவிடுவாள். கோழி தானாக வந்து குழி பறித்து, உட்கார்ந்து, இறக்கையால் சாம்பலை மேலே வாரிக்கொள்ளும். மருந்து போட்டதாக அதற்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இன்று அதே மனையில் மூன்று மாடி வீடு நிற்கிறது. மொட்டை மாடியில் கம்பிவலைக் கூண்டுக்குள் என் ஆறு கோழிகள். புரட்டாசி முடியும் நேரத்தில் நானும் தயாராகிறேன், கடைக்குப் போய். குடற்புழு மருந்து, கால்சியம் டானிக், வைட்டமின், ஈரல் டானிக், தண்ணீரில் கலக்கும் உப்புப் பொடி, செள்ளுக்குத் தனி மருந்து. வீட்டில் கொண்டுவந்து வரிசையாக வைத்தால் ஒரு சின்ன மருந்துக் கடை. எந்தப் புட்டியைத் திருப்பிப் பார்த்தாலும் அளவு நூறு கோழிக்குத்தான் போட்டிருக்கிறது.

“நூறு கோழிக்கு அஞ்சு மில்லி சார்.”

“என்கிட்ட ஆறுதானே இருக்கு?”

“கோழிக்கு ஒரு சொட்டுன்னு விடுங்க.”

கடைக்காரர் விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. ஒரு மில்லிக்கு இருபது சொட்டு; ஆறு கோழிக்கு ஆறு சொட்டு. அப்பாயியின் அளவுகள் வேறு: ஒரு கைப்பிடி, ஒரு சிட்டிகை, சுண்டைக்காய் அளவு. அவள் கணக்கு வீட்டுக் கோழியை வைத்துப் போட்டது. இந்தப் புட்டியின் கணக்கு நாமக்கல் பண்ணையை வைத்துப் போட்டது.

குளிர்காலம் என்று சொல்கிறோமே தவிர, திருச்சியில் மார்கழி, தை இரவுகள் சராசரியாக 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கின்றன. இறகு போர்த்திய உயிரை அந்தக் குளிர் ஒன்றும் செய்யாது. ஈரம்தான் எமன். நனைந்த கூண்டில் ரத்தக் கழிச்சல் வரும். தேங்கிய தண்ணீரில் கொசு பெருகி அம்மை வரும். காற்றுப் போகாமல் தார்ப்பாய் கட்டி மூடினால் எச்சத்தின் நெடியில் சளி பிடிக்கும். “ஈரக் கூட்டுல கோழி தங்காதுடா” என்பாள் அப்பாயி. மூங்கில் பஞ்சாரத்தை அடுப்படிக்குப் பக்கத்திலேயே கவிழ்த்து வைப்பாள். ஊரையே உலுக்கிய 1977 நவம்பர் வெள்ளத்தின்போது பஞ்சாரம் கூடத்துக்கே வந்துவிட்டது. கோழியும் நாங்களும் ஒரே கூரையின்கீழ் நாலு நாள் கிடந்தோம். இன்று கூண்டுத் தரையில் நெல் உமி பரப்பி, வாரம் ஒருமுறை கிளறி, கட்டி தட்டினால் அள்ளிப் போட்டுவிட்டுப் புது உமி போடுகிறேன். இந்த ஒன்றுக்கு ஆகும் செலவு மற்ற புட்டிகளில் பாதிகூட இல்லை. பலனோ அந்தப் புட்டிகள் எல்லாம் சேர்ந்தாலும் வராது.

தீவனக் கதை இன்னும் விரிவானது. மழைக்கு முன் கோழி இறகு உதிர்க்கும். புது இறகில் பெரும்பகுதி புரதம்; அதற்குத் தகுந்த தீனி வேண்டும். அன்று அந்தப் புரதம் கறையானாக வந்தது. உடைந்த பானையில் சாணியும் ஈர வைக்கோலும் திணித்து, சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் விடியற்காலையில் பானை உயிரோடு நெளியும். தட்டிக் கொட்டுவது என் வேலை. அதற்கு மேல் நொய், கம்பு, தவிடு. ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டுமென்று கிளிஞ்சலை இடித்துப் போடுவார்கள். இன்று மூட்டைத் தீவனத்தில் எல்லாம் அளந்து கலந்திருக்கிறது. முட்டைக் கோழித் தீவனத்தில் கால்சியம் மட்டும் 3.5 சதவீதம். அதற்கு மேலும் கால்சியம் டானிக் எதற்கு என்று கேட்டால் விற்பவரிடம் பதில் இல்லை. வாங்குகிற என்னிடமும் இல்லை. மழைக்காலத்தில் பார்க்க வேண்டியது மூட்டையின் அடியைத்தான். ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்தால், அந்த நஞ்சுக்கு எந்த டானிக்கும் ஈடு கொடுக்காது.

அன்றைய நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது முட்டை இட்டால் பெரிது. பன்னிரண்டு, பதினைந்து இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். என்னிடம் இருப்பவை கிராமப்பிரியா, ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய இனம். இருநூறு வரை இடும். அடைக்கு உட்காருவது அபூர்வம். அன்று மார்கழி பிறந்தால் முட்டை குறையும். பகல் பதினொன்றரை மணி நேரமாகச் சுருங்குவதால் கோழியின் உடம்பு விடுப்பு எடுத்துக்கொள்கிறது என்று யாரும் விளக்கவில்லை. மார்கழியில் கோழி இடாது, அவ்வளவுதான். இப்போது மாலையில் இரண்டரை மணி நேரம் விளக்கைப் போட்டுப் பகலைப் பதினான்கு மணியாக நீட்டுகிறேன். கோழிக்கு விடுப்பு கிடையாது.

விளக்கு என்றதும் ஒன்று. தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்குக் கொஞ்ச காலம் முன்புவரை 60 வாட் குண்டு பல்புதான் தாய். அதைத் தேடி இப்போது கடை கடையாக அலைய வேண்டியிருக்கிறது. எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் கொடுக்கும், சூடு கொடுக்காது. போன மார்கழியில் அது உறைக்காமல் அதன் கீழே வைத்த குஞ்சுகள் ராத்திரி முழுக்க ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. கோழி அடைக்கு உட்காராததன் விலை அன்றைக்குத்தான் புரிந்தது.

இத்தனை சொல்லியும் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வராது. பனி விலகிய ஒரு மாசியில் எங்கள் கோழிகள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன, கழுத்து முறுக்கிக்கொண்டது. அப்பாயி சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருண்டை பிடித்து அலகைத் திறந்து ஊட்டினாள். நாலு நாளில் சேவல் மட்டும் மிஞ்சியது. பக்கத்து வீட்டார் தங்கள் கோழிகளை ஞாயிற்றுக்கிழமைப் பொன்மலைச் சந்தைக்கு அவசரமாகக் கொண்டு போனார்கள். கூடையோடு நோயும் போயிருக்கும்.

அந்த நோயின் பெயர் ராணிக்கெட். இமயத்தின் குமாவுன் மலையில் இருக்கும் ஊரின் பெயர். இந்தியாவில் 1920களின் இறுதியில் முதலில் அறியப்பட்டது அங்கேதான். அதே மலைப்பகுதியின் முக்தேசுவரத்தில் 1940களிலேயே அதற்குத் தடுப்பூசியும் உருவாகிவிட்டது: ஆர்2பி. 1932-இல் தொடங்கிய ராணிப்பேட்டை நிலையம் நம் மாநிலத்துக்கே தடுப்பு மருந்து தயாரிக்கிறது. மருந்து இருந்த காலத்தில்தான் எங்கள் ஒன்பது கோழியும் செத்தன. கோழிக்கு ஊசி உண்டு என்பதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அந்த உருண்டையை நான் குறை சொல்லவில்லை. கால்நடைப் பல்கலைக்கழகமே அத்தகைய மூலிகை முதலுதவியைச் சொல்லித் தருகிறது. ஊசிக்கு அது பதில் ஆகாது. தும்மலுக்கெல்லாம் நுண்ணுயிர்க்கொல்லிப் பொடியை நீட்டும் இன்றைய பழக்கமும் ஆகாது. பண்ணைகளில் தாராளமாகப் புழங்கிய கொலிஸ்டினை 2019-இல் அரசே தடை செய்ய வேண்டியதாயிற்று.

கொட்டப்பட்டில் இருக்கும் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் நாட்டுக்கோழி வகுப்புக்குப் போய் வந்த பிறகுதான் எனக்கு வரிசை பிடிபட்டது. முதலில் குடற்புழு நீக்கம். ஒரு வாரம் கழித்து, நல்ல உடம்போடு இருக்கும் கோழிக்கு மட்டும் ஊசி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் ஆர்2பி. சென்னை மாதவரத்தில் பல்கலைக்கழகம் உருவாக்கிய டி58 குருணை மருந்தும் இருக்கிறது. தீனி போல் போட்டால் போதும்.

ஊசி மருந்துக் குப்பியிலும் அதே நூறு கோழிக் கணக்குதான். பனிக்கட்டியில் வைத்து எடுத்துவர வேண்டும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். டானிக்கைப் போலச் சொட்டு எண்ணி மீதியை அலமாரியில் வைக்க முடியாது. ஆறு கோழிக்காரன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியே ஆக வேண்டும். அன்று கோழிகள் தாமாகவே வீடு வீடாகப் போய்வந்தன. எது யாருடைய முட்டை என்ற சண்டையில் தெரு மொத்தமும் பேசிக்கொண்டது. வலைக்கூண்டு வந்தபின் பேச்சு நின்றுபோனது. நாட்டில் புறக்கடைக் கோழிகள் 2012-இல் சுமார் 21.7 கோடி, 2019-இல் 31.7 கோடி என்கிறது கால்நடைக் கணக்கெடுப்பு. எங்கள் தெருவில் அவை நாலு மாடிகளில் இருக்கின்றன. அதுவே குப்பி வாங்கிய அன்றைக்குத்தான் தெரிந்தது.

சென்ற ஐப்பசியில் நாலு வீட்டுக்கும் சேர்த்து இருபத்தேழு கோழிகள். மீதி எழுபத்து மூன்று கோழிக்கான மருந்தைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டி அழித்தோம். மன்னார்புரத்திலோ காஜாமலையிலோ உங்கள் மாடியில் கோழி கூவினால் இந்த முறை சொல்லிவிடுங்கள். ஐப்பசியைத் தவறவிட்டால் பிப்ரவரியில் கால்நடைத் துறையின் இலவச முகாம் இருக்கிறது. விடியும் முன், கோழி கூண்டை விட்டு இறங்குவதற்குள் பிடித்துக் கூடையில் போட்டு எடுத்து வாருங்கள்.