உங்களுக்குத் தெரியுமா? கணினிக்குப் பாடம் நடத்திய 16,237 குரல்கள்

இந்திய மொழிகளைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பழக்க, சென்னை ஐஐடியின் ‘ஏஐ4பாரத்’ குழு 2024-இல் வெளியிட்ட ‘இண்டிக்வாய்சஸ்’ குரல் தொகுப்பில், எழுதிவைத்ததைப் பார்த்துப் படித்த பேச்சு வெறும் 9 சதவீதம்தான்! 74 சதவீதம், மக்கள் மனதில் பட்டதை அப்படியே பேசியது. மீதி உரையாடல்.

• காரணம் எளிது. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதுகிறோம். வாய் சொல்வதோ ‘வந்துட்டிருக்கேன்’. ஏட்டில் இருப்பதை மட்டும் படித்த கணினிக்குச் சந்தைக்கடைப் பேச்சு எப்படிப் புரியும்? இழுவை, திக்கல், பாதியில் விட்ட வாக்கியம் எல்லாமே அதற்குப் பாடம்தான்.

• 16,237 பேர், 145 மாவட்டங்கள், 22 மொழிகள், 7,348 மணி நேர ஒலிப்பதிவு. அதில் அப்போது எழுத்தாக்கம் முடிந்திருந்தது 1,639 மணி நேரம். ஒவ்வொரு சொல்லையும் காதால் கேட்டு எழுத வேண்டிய பொறுமையான வேலை அது.

• தமிழ், இந்தி போன்ற பெரிய மொழிகளோடு போடோ, சந்தாலி மொழிகளுக்கும் இடம் உண்டு. சந்தாலியின் ‘ஓல் சிக்கி’ எழுத்தை ரகுநாத் முர்மு உருவாக்கியதே 1925-இல்தான்.

• குரலுக்குக் கூலி மட்டுமல்ல, உரிமத் தொகையும் உண்டு என்கிறது இதேபோல் குரல் தரவு திரட்டும் பெங்களூருவின் ‘கார்யா’ நிறுவனம். கிராம மக்கள் கைபேசியில் பேசிப் பதிவுசெய்த தரவு மறுபடி விற்கப்பட்டால், பேசியவருக்கும் அதில் பங்கு போகிறது. மிக நியாயமான ஏற்பாடு!