எழாத கணிப்பொறியும் அழியாத கணக்கும்

காலையில் சங்க அலுவலகம் திறக்கப்படுகிறது. நெசவாளர் சங்கமானால், நெய்த சேலைகளை ஒப்படைத்துக் கூலி பெற்றுச் செல்ல அங்கத்தினர்கள் வாசலில் காத்திருக்கிறார்கள். வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமானால், மழைக்கு முன்னே விதையும் உரமும் வாங்கிவிட வேண்டுமென்ற கவலையோடு பயிர்க்கடன் கேட்டு வந்த கரிசல் காட்டு விவசாயிகள் நிற்கிறார்கள். எழுத்தர் கணிப்பொறியின் விசையை அழுத்துகிறார். முதல் நாள் மாலையில் ‘அப்டேட்’ ஆகிக்கொண்டிருந்த இயந்திரம் அது. திரையில் வட்டம் சுழல்கிறது. பிறகு நீலத் திரை வருகிறது. தானே அணைந்து மீண்டும் எழுகிறது. மீண்டும் அதே நீலத் திரை. அரைமணி நேரம் கழிகிறது. ‘எல்லாம் போயிற்று’ என்கிறார் ஒருவர். ‘அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம்’ என்கிறார் மற்றொருவர்.

எட்டயபுரத்திலாயினும் கோவில்பட்டியிலாயினும், கணிப்பொறி வைத்துள்ள எந்த அலுவலகத்துக்கும் இப்படி ஒரு காலைப்பொழுது வரக்கூடும். அன்று என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். ஏனெனில் அந்தப் பெட்டிக்குள் இருப்பது எழுத்தருடைய சொத்தன்று. நம்முடைய கூலியும், நூல் இருப்பும், சேமிப்பும், கடன் பாக்கியும் ஆகும்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்வோம். எழாத கணிப்பொறி இறந்துவிட்ட கணிப்பொறியன்று. கணக்கு வேறு, கணக்கைத் திறந்து காட்டும் ஏற்பாடு வேறு. புதுப்பிப்பினால் கெடுவது பெரும்பாலும் பின்னதே. முன்னது பத்திரமாகவே இருக்கும், நாமே அவசரப்பட்டு அதை அழிக்காத வரையில்.

நெசவாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜக்கார்டு தறியில் பூ வேலை நடக்கிறது. புதிய மாதிரிக்கான அட்டைகளைக் கோத்து மாட்டுகிறோம். அவற்றுள் ஓர் அட்டையில் துளை தவறாக விழுந்திருந்தால், அந்த இடம் வந்ததும் வேலை கெடுகிறது. அதற்காகப் பாவை அறுத்தெறிவோர் உண்டோ? தவறான அட்டையைக் கண்டுபிடித்துக் கழற்றுகிறோம். பழைய அட்டையை மாட்டித் தறியை ஓட்டுகிறோம். பாவுக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே பாவுதான் கணக்கு, அட்டைதான் புதுப்பிப்பு. பிரான்சு தேசத்தில் ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டு அமைத்த தறியின் துளை அட்டைகளைப் பார்த்தே, கணக்கிடும் பொறிக்கும் அட்டை மூலம் கட்டளையிடலாமென்று இங்கிலாந்தின் பாபேஜ் என்ற அறிஞர் திட்டமிட்டார். ஆகவே கணிப்பொறி நெசவாளருக்கு முற்றிலும் அந்நியமான பொருளன்று.

உலகமே நின்ற ஒரு வெள்ளிக்கிழமை

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி நடந்ததை நினைவுகூர்வோம். கிரவுட்ஸ்ட்ரைக் என்பது கணிப்பொறிகளுக்குக் காவல் மென்பொருள் வழங்கும் அமெரிக்கக் கம்பெனி. நம் நாட்டு நேரப்படி அன்று காலை 9 மணி 39 நிமிடத்துக்கு அது ஒரு சிறு புதுப்பிப்புக் கோப்பை அனுப்பியது. அக்கோப்பைப் பெற்ற விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையைக் காட்டி நின்றன; திரும்ப எழுந்தும் அதே திரையில் விழுந்தன. சுமார் 85 லட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. பல நாடுகளில் விமானங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின.

காரணம் என்ன? அந்த மென்பொருள் 20 விவரங்களையே எடுத்துக் கொடுத்தது. புதிய கோப்போ 21-ஆவது விவரத்தையும் பார்க்கச் சொன்னது. இல்லாத இடத்தைப் படிக்கப் போன இயந்திரம் விழுந்தது. இருபது கயிறு கட்டிய பெட்டிக்கு இருபத்தோராவது கயிற்றை இழுக்கச் சொல்லும் அட்டையை மாட்டியது போன்றதே இது. கம்பெனி தன் பிழையை 78 நிமிடங்களில் திருத்திவிட்டது. ஆனால் அதற்குள் விழுந்துவிட்ட கணிப்பொறிகளிற் பல, திருத்தத்தைப் பெற்றுக்கொள்ளும் அளவுக்குக்கூட எழவில்லை. ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆள் அமர்ந்து, ‘சேஃப் மோட்’ என்னும் பாதுகாப்பு நிலையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்க வேண்டியதாயிற்று. நீக்கியதும் இயந்திரம் பழையபடி எழுந்தது. உள்ளிருந்தவை அப்படியே இருந்தன.

அன்று நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. பத்து வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் மட்டுமே சிறு இடையூறு நேர்ந்ததென ரிசர்வ் வங்கி அறிவித்தது. பெரிய நிறுவனங்களே வாங்கும் அந்த மென்பொருள் நம் சிறு அலுவலகங்களில் இருப்பது அரிது. எனினும் அந்நாள் தந்த பாடம் நமக்கும் உரியது. பிழை ஒரு கோப்பில் இருந்தது. பரிகாரம் அக்கோப்பை நீக்குவது. இடைப்பட்ட நேரத்தில் வேலையைக் காத்தது பேனாவும் காகிதமும்.

செய்ய வேண்டியவை, வரிசைப்படி

முதலாவது, பொறுத்தல். புதுப்பிப்பு சில வேளை ஒரு மணிக்கு மேலும் நடக்கும். திரையில் சதவீத எண் ஏறிக்கொண்டிருந்தாலும், பெட்டியின் சிறு விளக்கு மின்னிக்கொண்டிருந்தாலும், வேலை நடக்கிறது என்று பொருள். அப்போது மின்சாரத்தை நிறுத்துவது, நெய்துகொண்டிருக்கும் போதே பாவை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, நோய் எதுவென்று அறிதல். விளக்கே எரியவில்லை, விசிறி ஓடவில்லையென்றால் குற்றம் புதுப்பிப்பினுடையதன்று. மின் இணைப்பைப் பார்க்க வேண்டும். பெட்டி ஓடித் திரை மட்டும் இருண்டிருந்தால் திரையின் கம்பியைப் பார்க்க வேண்டும். ஹார்டு டிஸ்கையே காணோம் என்று திரை சொன்னாலோ, உள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று ஒலி வந்தாலோ உடனே அணைத்துவிட்டுத் தேர்ந்த நிபுணரிடம் கொண்டுபோக வேண்டும். மேலும் மேலும் ஓட்டினால் கணக்கு கெடும். விண்டோஸின் சின்னம் தோன்றிய பிறகு நீலத் திரை வந்தாலோ, சுழன்றுகொண்டே இருந்தாலோதான் நாம் பேசும் நோய். திரையில் வரும் வாசகத்தையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்க. கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதும் நன்று.

மூன்றாவது, பென் டிரைவ், அச்சுப்பொறி முதலிய வெளிப் பொருள்களைக் கழற்றிவிட்டு எழுப்பிப் பார்த்தல். செருகிய பென் டிரைவிலிருந்து எழ முயன்று இயந்திரம் நின்றுவிடுவதும் உண்டு.

நான்காவது, பழுது பார்க்கும் அறைக்குள் நுழைதல். விண்டோஸ் இரண்டு மூன்று முறை தொடர்ந்து எழத் தவறினால் தானே அந்த அறையைத் திறக்கும். திறக்காவிடில், சின்னம் தோன்றியதும் விசையைப் பத்து விநாடி அழுத்தி அணைக்க வேண்டும். இவ்வாறு இருமுறை செய்து மூன்றாம் முறை எழவிட்டால் திறக்கும். அங்கே ‘ட்ரபிள்ஷூட்’, பிறகு ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பவற்றைத் தேர்ந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் ‘ஸ்டார்ட்டப் ரிப்பேர்’ என்பதை முதலில் முயல்க. அது பயனளிக்காவிடில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ என்பதைத் தேர்ந்து கடைசியாக வந்த புதுப்பிப்பை நீக்குக. தவறான அட்டையைக் கழற்றுவது இதுவே. அதுவும் பயன்படாவிடில் ‘சிஸ்டம் ரெஸ்டோர்’ மூலம் முன்னொரு நாளின் நிலைக்குத் திரும்பலாம். ‘ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்’ வழியே பாதுகாப்பு நிலையில் எழுப்பவும் கூடும். அப்படி எழுந்தால் வேறெதையும் செய்யுமுன் கணக்குக் கோப்புகளை நகலெடுத்துவிட வேண்டும்.

உபுண்டு, பாஸ் முதலிய லினக்ஸ் வகைகளை உபயோகிக்கும் அலுவலகங்களில் பரிகாரம் இன்னும் எளிது. எழும்போது தோன்றும் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறந்தால் முந்தைய ‘கெர்னல்’ சாதாரணமாக அங்கே இருக்கும். அதைத் தேர்ந்து எழுப்பலாம்.

ஐந்தாவது, எதுவும் பலிக்காதபோது கணக்கை முதலில் வெளியேற்றுதல். லினக்ஸ் அமைந்த பென் டிரைவைக் கொண்டு கணிப்பொறியை எழுப்பி, ஹார்டு டிஸ்கில் உள்ளவற்றை வேறொரு டிஸ்கிற்கு நகலெடுக்க முடியும். வீடு இடிந்து விழுமோ என்று ஐயமிருந்தால், சுவரைப் பூசுமுன் குலுக்கையிலுள்ள தானியத்தை அப்புறப்படுத்துவது போல இது.

செய்யவே கூடாதவை

‘ரீசெட் திஸ் பி.சி.’ என்றொரு வழி அதே பட்டியலுக்கு முன்னே நிற்கிறது. அதில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்பதை அழுத்தினால் அனைத்தும் அழியும். ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்பது சாதுவாகத் தோன்றும். ஆனால் அதுவும் நாம் நிறுவிய மென்பொருள்களை நீக்கிவிடும். கணக்கு மென்பொருளின் உள்ளே இருந்த கோப்புகள் அதில் தப்புமென்று நம்பிவிடலாகாது. நகல் கையில் வராமல் இவ்விரண்டையும் தொடக் கூடாது. கடைக்காரர் ‘ஃபார்மெட் செய்துவிடட்டுமா?’ என்று கேட்டால், நகலைக் கண்ணால் பார்த்த பின்பே இசைய வேண்டும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. பல புதிய கணிப்பொறிகளில் ‘பிட்லாக்கர்’ என்னும் பூட்டு போடப்பட்டிருக்கிறது. பழுது பார்க்கும் வேளையில் அது 48 இலக்கங்கள் கொண்ட சாவி எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லையேல் கணக்கு உள்ளே நலமாக இருந்தும் எவராலும் எடுக்க இயலாது. மேற்சொன்ன ஜூலை மாதத்தில் பல அலுவலகங்களின் வேலையை நீளச் செய்தது இந்தச் சாவியே. ஆதலால் நலமாக இருக்கும் இன்றே அந்த எண்ணைக் காகிதத்தில் அச்சிட்டுச் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைத்தல் வேண்டும். கணிப்பொறிக்குள்ளேயே அதை வைப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவதாகும்.

வருமுன் காத்தல்

இவ்வளவு தொல்லையென்றால் புதுப்பிப்பையே நிறுத்திவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அதுவும் சரியன்று. 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மைக்ரோசாப்ட் ஓர் ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை வெளியிட்டது. அதே ஆண்டு மே 12-ஆம் தேதி ‘வானாக்ரை’ என்னும் நச்சு நிரல் அந்த ஓட்டையின் வழியே உலகெங்கும் நுழைந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அடிபட்டவர்கள் பெரும்பாலும் அப்புதுப்பிப்பைப் போடாதவர்களே. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததையும் சங்கங்கள் கவனிக்க வேண்டும். புதுப்பிப்பு வேண்டும், ஆனால் காலமறிந்து செய்ய வேண்டும். மழையின் போக்கைப் பார்த்து விதைப்பவன் கரிசல் விவசாயி. கூலி நாளிலும் மாத முடிவிலும் புதுப்பிப்பு வேண்டா. அன்றைய கணக்கை முடித்து, நகலெடுத்து, மின்சாரம் தடைப்பட்டால் தாங்கும் யு.பி.எஸ். இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகு செய்க.

விதையை ஒரே குலுக்கையில் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கணக்கும் அப்படியே. மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைப் பொருள்களில், அவற்றுள் ஒன்று அலுவலகத்துக்கு வெளியே என்பது அனுபவஸ்தர்களின் விதி. நகல் எடுத்த டிஸ்கைக் கணிப்பொறியோடு மாட்டியே வைக்கலாகாது. மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு கணிப்பொறியில் திறந்தும் பார்க்க வேண்டும். முளைக்குமா என்று பாராத விதையை நம்பி யாரும் உழுவதில்லை.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணிப்பொறி மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. அத்தகைய பொது மென்பொருளில் கணக்கு தொலைவிலுள்ள பொதுக் களஞ்சியத்தில் இருக்கும். அலுவலகக் கணிப்பொறி எழாவிடினும் வேறொன்றின் மூலம் வேலையைத் தொடரலாம். ஆனால் தனி மென்பொருளில், ஒரே பெட்டியில் கணக்கு வைத்திருக்கும் சங்கங்களுக்கு அந்த வசதி இல்லை. நம் சங்கம் இவ்விரண்டில் எவ்வகை என்பதை அங்கத்தினர்கள் கேட்டறிய வேண்டும்.

அங்கத்தினர் கடமை

அடுத்த பொதுக்கூட்டத்தில் நான்கு கேள்விகள் கேட்போம். நம் கணக்கு எங்கே இருக்கிறது? கடைசி நகல் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது? அதைத் திறந்து பார்த்தது யார்? பூட்டின் சாவி எண் இரும்புப் பெட்டியில் உள்ளதா? இவை எழுத்தரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் கேள்விகளல்ல. அவருக்கு வேண்டிய டிஸ்கும் யு.பி.எஸ்.ஸும் வாங்கிக் கொடுக்க நிர்வாகக் குழுவைத் தூண்டும் கேள்விகள்.

ஒவ்வொரு மாலையும் அங்கத்தினர் வாரியான பாக்கிப் பட்டியலை அச்சிட்டுக் கோப்பில் சேர்க்கும் வழக்கம் இருந்தால், இயந்திரம் எழாத காலையிலும் கைச்சீட்டு எழுதிக் கூலியைக் கொடுத்துவிடலாம். எழுந்த பின் பதிந்துகொள்ளலாம். வாசலில் காத்திருப்பவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. எழுத்தரும் பதற்றமின்றி, மேலே சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாக முயன்று பார்க்க அவகாசம் கிடைக்கும். இழை அறுந்த தறியின் முன் நெசவாளர் பதறுவதில்லை. அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போடுகிறார். அந்த நிதானத்தையே கணிப்பொறியின் முன்னும் கைக்கொள்வோமாக.