ஜனவரியைப் பார்க்காதே, தையைப் பார்!

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் என் அத்தை பூக்கடை வைத்திருக்கிறார். கணக்கு முழுவதும் 555 புத்தகத்தில்தான். சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் அந்தச் சின்னப் புத்தகத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் மளிகைக் கடைக் கடன் எல்லாம் அதில்தான் ஏறும். கடந்த தவணையில், ஒரு சிறு வியாபாரத்தின் தரவுகளைப் பகுப்பாய்வு செய்து வரும்படி எங்களுக்கு இடுபணி கொடுத்தார்கள். நான் நேராக அத்தையிடம் போனேன்.

இந்தத் துறைக்கு 'வணிக நுண்ணறிவு' என்று பெயர். ஐபிஎம் ஆய்வாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-லேயே இந்தப் பெயரில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். இன்று பவர் பிஐ டெஸ்க்டாப்பை இலவசமாகவே பதிவிறக்கம் செய்யலாம். கூகல் ஷீட்ஸ் கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் நடந்து பாருங்கள். மேசை மேல் டூயிட்நவ் கியூஆர் அட்டை நிற்கும். அதன் பக்கத்திலேயே நோட்டுப் புத்தகமும் இருக்கும். நம் நாட்டு நிறுவனங்களில் சுமார் 97 விழுக்காடு சிறு, நடுத்தர நிறுவனங்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுப் புத்தகங்களைத் தட்டச்சு செய்யவே மூன்று வாரம் ஆனது. வேலையில் முக்கால்வாசி அதுதான்; வண்ண வரைபடம் போட ஒரு மாலைப் பொழுது போதும். 'ம' என்று எழுதியிருந்தால் ஒரு பக்கத்தில் மல்லிகை, இன்னொரு பக்கத்தில் மாலை. 'கே' என்றால் கேமரன் மலைச் செவ்வந்தி என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போனது.

கடைசியில் திரையில் ஒரு பெரிய சிவப்பு அம்பு வந்தது. 2024 ஜனவரியோடு ஒப்பிட்டால் 2025 ஜனவரியில் விற்பனை படுத்துவிட்டது. நான் பயந்து போனேன். மல்லிகை ஆர்டரைக் குறைக்க வேண்டும், வெள்ளிக்கிழமைகளில் மாலை கட்ட வரும் அக்காவை நிறுத்திவிடலாம் என்று பரிந்துரையும் எழுதி முடித்தேன். அந்த அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர்.

அத்தை திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த வருஷம் தைப்பூசம் எப்போம்மா வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

2024-ல் தைப்பூசம் ஜனவரி 25. 2025-ல் பிப்ரவரி 11. பூக்கடைக்கு ஆண்டின் பெரிய வாரமே ஒரு மாதத்திலிருந்து அடுத்த மாதத்துக்கு நகர்ந்திருக்கிறது. மென்பொருள் ஜனவரியை ஜனவரியோடுதான் ஒப்பிடும். அதற்குப் பூசம் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

அன்றிரவே அட்டவணையில் 'தமிழ் மாதம்' என்று புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்தேன். இரண்டு ஆண்டுகளிலும் பூசம் தை மாதத்துக்குள்தான் வருகிறது. தையோடு தையை ஒப்பிட்டதும் சிவப்பு அம்பு காணாமல் போனது. ஆடியும் மார்கழியும் கூட அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தன. ஆங்கில நாள்காட்டியில் ஆடி, ஜூலையில் பாதி ஆகஸ்டில் பாதியாகப் பிரிந்துவிடுவதால், கல்யாண மாலை விற்காத அந்த மாதத்தின் பள்ளம் இரண்டு மாதங்களில் கரைந்து போயிருந்தது.

அத்தைக்கே தெரியாத ஒன்றும் கிடைத்தது. தினமும் மீந்து குப்பைக்குப் போகும் பூவையும் எழுதி வைக்கச் சொல்லியிருந்தேன். புதன்கிழமைகளில்தான் அதிகம் வீணாகியிருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு வாங்கியதன் மிச்சம். இப்போது செவ்வாய் ஆர்டரைக் குறைத்துவிட்டார். அக்கா வழக்கம்போல வெள்ளிக்கிழமை வருகிறார்.

மடானி இலக்கவியல் மானியம் போன்ற திட்டங்கள் மென்பொருள் செலவில் பாதியை, 5,000 வெள்ளி வரை ஏற்றுக்கொண்டன. 2024 ஆகஸ்டில், ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேலுள்ள நிறுவனங்களில் தொடங்கிய மின் விலைப்பட்டியல் முறையும் படிப்படியாகக் கீழே இறங்கி வந்திருக்கிறது. ஆனால், என் அனுபவத்தில் தடை பணமில்லை. தட்டச்சு செய்ய உட்கார ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கடையும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அத்தை அசையவில்லை. "யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் கடனா மாலை எடுத்தாங்கன்னு கம்ப்யூட்டர்ல ஏத்தாதே" என்றார். நிலுவை தெரியாமல் லாபம் சரியாக வராது என்று வாதாடினேன். பெயருக்குப் பதில் எண் போடலாமே என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று 555-ஐ மடியில் செருகிக்கொண்டார். அந்தப் பத்தி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.